காளைக்குக் கீழே வரவேண்டிய வரி

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடை ஜன்னல், பள்ளிக்கூட ஜன்னல், பேருந்தின் முன்கண்ணாடி, எது உடைந்தாலும் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். எல்லா வேலையும் செய்வார் என்றாலும் மனசு ஒட்டியது ஒன்றில்தான்: ஈயப் பட்டைக்குள் வண்ணத் துண்டுகளைக் கோத்துச் செய்கிற தேவாலய ஜன்னல்கள். பத்து விரல்களில் ஆறில் தழும்பு இருந்தது. அதைக் காட்டி யாராவது பாவப்பட்டால், "இதெல்லாம் கண்ணாடி போட்ட கையெழுத்து" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவார்.

வேலையில் அவருக்கு ஒரே கொள்கை. துண்டு பொருந்த வேண்டும். பொருந்தாத துண்டு வேறு ஏதோ ஜன்னலைச் சேர்ந்தது, அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட வேண்டும். கண்ணாடி விஷயத்தில் இது நல்ல கொள்கைதான். மனிதர்களிடமும் அதையே காட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வம்பு.

அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாளன்று ஆஸ்பத்திரி அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மகள், மனைவியின் தங்கை, ஒரு நர்ஸ். கண்ணாடிக்காரர் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நூலகத்துக்குக் கூரைக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார். இன்று எங்கேயும் போகாதீர்கள் என்று காலையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் போனார். கூரையைத் திறந்து போட்டுவிட்டு எப்படி நடுவில் வருவது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கூரை பதினொரு மணிக்கே மூடியாகிவிட்டது. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு நாலு மணி நேரம், சாரத்தின் பலகையில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி சாவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வேறு விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். "அப்பாவைப் பாத்துக்கோன்னு சொன்னாங்கப்பா" என்றாள் மகள். "போதும்னு ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சார்" என்றாள் நர்ஸ். மச்சினி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ கேட்டார்கள் என்று வாயைத் திறந்தாள். "அவர் எங்கே போனார், என்னை இப்படி விட்டுட்டு எங்கே போனார்னு கேட்டுக்கிட்டே இருந்தா அக்கா."

கண்ணாடிக்காரருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "பொய் சொல்றா. அவளுக்கு எப்பவும் என்மேல ஒரு கடுப்பு" என்றார், அத்தனை பேர் முன்னால். மச்சினி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அதோடு சரி. மூன்று வருஷமாக அவள் தெருப் பக்கம் கூட அவர் போகவில்லை. மகள் சொன்னது அவருக்குப் பொருந்தியது, அதை வைத்துக்கொண்டார். நர்ஸ் சொன்னதையும் எப்படியோ ஒட்டவைத்துக்கொண்டார். மச்சினி சொன்னது பொருந்தவில்லை, அது ஓரமாகப் போயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு புயலில் தேவாலயத்தின் மேற்குப் பக்கம் மரக்கிளை விழுந்து ஒரு ஜன்னல் நொறுங்கியது. அந்தச் சுவரில் நாலு ஜன்னல்கள் உண்டு. ஒன்றில் சிறகு வைத்த மனிதன், அடுத்து சிங்கம், அடுத்து காளை, கடைசியில் கழுகு. சின்ன வயதில், இந்த நாலும் நோவாவின் பேழையிலிருந்து இறங்கி வருகின்றன, அவசரத்தில் மற்ற மிருகங்களை வரையாமல் விட்டுவிட்டார்கள் என்று கண்ணாடிக்காரர் நினைத்திருந்தார். பிறகுதான் அவை இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற நாலு நற்செய்திகளின் அடையாளம் என்று தெரிந்தது. மத்தேயு முன்னோர்களின் பெயர்ப் பட்டியலோடு தொடங்குவதால் மனிதன். மாற்கு பாலைவனத்தில் ஒலிக்கிற குரலோடு தொடங்குவதால் சிங்கம். லூக்கா பலி கொடுக்கும் ஆலயத்தில் தொடங்குவதால் காளை. யோவான் எடுத்த எடுப்பில் வானத்துக்கே போய்விடுவதால் கழுகு. இவற்றில் அவருக்குப் பிடித்தது காளைதான். அதற்கும் சிறகு வைத்திருந்தார்கள், ஆனால் பறக்கப்போகிற முகம் இல்லை அதற்கு. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவனின் முகம்.

நொறுங்கியது அந்தக் காளை ஜன்னல்தான். ஒரு மாதம் உட்கார்ந்து நூற்றிப்பதினாலு துண்டுகளைச் சேர்த்தார். கொம்பு ஒன்றைப் புதிதாக வெட்டினார். அடியில் இருந்த எழுத்துப் பட்டை மட்டும் தூளாகிப் போயிருந்தது. சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்ன வார்த்தையை ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே எழுதியிருந்தார்கள். காளைக்குக் கீழே என்ன இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. நாற்பது வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது எட்டியதே இல்லை.

மற்ற ஜன்னல்களைப் போய்ப் பார்த்தார். மனிதனுக்குக் கீழேயும் சிங்கத்துக்குக் கீழேயும் ஒரே வரி: ஏன் கைவிட்டீர் என்று கடவுளையே கேட்கிற வரி. கழுகுக்குக் கீழே மட்டும் எல்லாம் முடிந்தது என்று இருந்தது. இரண்டு ஒரே மாதிரி இருந்தால் மூன்றாவதும் அப்படித்தான் இருக்கும், கழுகு ஜன்னலை எவனோ பிற்பாடு மாற்றியிருப்பான் என்று முடிவு கட்டினார். சிங்கத்தின் பட்டைமேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுத்தை அப்படியே எடுத்து, புதுக் கண்ணாடியில் தீட்டிச் சூளையில் சுட்டு, ஈயத்தில் கோத்து மாட்டிவிட்டார். அளவு இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை சபைச் செயலாளர் பட்டறைக்கு வந்தார். எதிலும் குறை கண்டுபிடிப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கையில் வேதாகமம் வைத்திருந்தார், அதில் ஒரு விரலைச் செருகியிருந்தார்.

"என்னப்பா, காளையைச் சிங்கமா கர்ஜிக்க வச்சுட்டியே."

"அளவு சரியாத்தானே சார் இருக்கு?"

"அளவு சரிதான். ஆள்தான் மாறிட்டார். அந்த வரி லூக்காவுல கிடையவே கிடையாது. லூக்காவுல, தன் உயிரைத் தகப்பன் கையில ஒப்படைச்சுட்டுக் கண்ணை மூடறார். கழட்டி மாத்து."

கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாட்டிய பட்டையைக் கழற்றுவது என்ன, சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரியா? "அப்போ எது சார் சரி? சாகற மனுஷன் கடைசியா ஒண்ணைத்தானே சொல்லியிருப்பார்? கைவிட்டீரான்னு கேட்டாரா, ஒப்படைச்சாரா, முடிஞ்சுதுன்னாரா?"

"நாலு பேரும் எழுதினது சரிதான்."

"அது எப்படி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் செயலாளர். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்தலைன்னா சபையார் என் தோலை உரிச்சுடுவாங்க." வேதாகமத்தை வேலைமேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் அதை வீம்புக்காகத்தான் திறந்தார். பூதக்கண்ணாடியை மடக்க ஏதாவது அகப்படும் என்று பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வாக்கியங்களையும் வரிசையாக வைத்துப் பிரசங்கம் செய்வார்கள். ஒரே ஆள் பக்கத்தில் நின்று ஏழையும் கேட்டு எழுதினார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது டீ ஆற ஆற நாலு நற்செய்திகளிலும் சிலுவை வரும் அத்தியாயங்களை மாற்றி மாற்றிப் புரட்டினார். யார் எதைச் சொல்கிறார்கள், யார் எதை விடுகிறார்கள் என்று ஈயத்தூள் படிந்த காகிதத்தில் குறித்தார். மத்தேயுவிலும் மாற்குவிலும் பெண்கள் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். யோவானில் தாய் சிலுவைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள், அவளைச் சீடன் ஒருவன் பொறுப்பில் விடுகிற பேச்சும் அங்கே மட்டும்தான் வருகிறது. ஏன் கைவிட்டீர் என்ற கூக்குரலை லூக்காவும் எழுதவில்லை, யோவானும் எழுதவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தார். நாலையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டினவர்கள் நினைத்திருந்தால் அந்தக் கூக்குரலை நீக்கியிருக்கலாம். கேட்க நன்றாகவா இருக்கிறது அது? பூசி மெழுகுவதற்கு அதைவிடத் தோதான இடம் வேறு எது? இரண்டு பேர் அதை எழுதவில்லை, போதாதா, மற்ற இரண்டிலும் எடுத்துவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவர்களைப் பொய்யர் என்று யாரும் வெளியே தள்ளவும் இல்லை.

அவர் ஒன்றும் மக்கு இல்லை. ஒப்படைத்தது, முடிந்தது என்றது, ஏன் விட்டுப் போனாய் என்று கேட்டது, மூன்றையும் தாம் முன்பே ஒரு ஆஸ்பத்திரி அறையிலிருந்து கேட்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு மகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

மகள் யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தின் காதை வளைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஆள் போகும்வரை நின்றார்.

"அம்மா போன அன்னிக்கு நீ எங்கே நின்னே?"

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏம்பா இப்போ?"

"சொல்லு."

"கட்டில் பக்கத்துல. என் கையைப் பிடிச்சிருந்தாங்க. பன்னெண்டு மணி இருக்கும், அப்போதான் உங்களைப் பாத்துக்கச் சொன்னாங்க. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, நான் டாக்டரைத் தேடிக்கிட்டு மாடிப்படியில ஓடினேன். திரும்பி வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"அந்த நேரத்துல உள்ளே யாரு?"

"சித்திதான். கடைசியில நர்ஸும் வந்தாங்க."

"சித்தி சொன்னாளே, அதை நீ கேக்கலைதானே?"

"நான் கேக்கலைன்னுதான் சொன்னேன். அம்மா அப்படிச் சொல்லவே இல்லைன்னு நான் என்னிக்குமே சொல்லலையேப்பா. நீங்களா அப்படி எடுத்துக்கிட்டீங்க." சட்டத்தைத் துடைத்தபடியே, "மூணு வருஷமா இதை நீங்க கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

சனிக்கிழமைக்குள் பட்டையை மாற்றிவிட்டார். ஒப்படைக்கிற வரி காளைக்குக் கீழே போயிற்று. பூதக்கண்ணாடி ஏணியில் பாதி ஏறி ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. கண்ணாடிக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினி வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள், அன்று ஒரு நாள்தான் லீவு. கட்டில்மேல் துணிகளைக் குவித்துப்போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க அத்தான்" என்றாள்.

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவளே தொடங்கினாள்.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அன்னிக்கு நான் அத்தனை பேர் நடுவுல அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குக் காது சரியா கேக்கலை, அக்கா வேற ஏதோ முணுமுணுத்தான்னு வச்சுக்கோங்க. வேணும்னா எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன். எனக்கு இருக்கற சொந்தம் நீங்களும் உங்க பொண்ணும்தான்."

அவர் தேடி வந்தது இதுவாக இருந்திருந்தால், வாங்கிக்கொண்டு நிம்மதியாக எழுந்து போயிருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் போயிருப்பார்.

"மாத்திச் சொல்லாதே. நீ கேட்டது என்னவோ, அதைச் சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்."

மச்சினி துண்டை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்கவில்லை. மகள் வெளியே ஓடினதும் அக்கா கண்ணைத் திறந்ததைச் சொன்னாள். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். யாரோ தாழ்வாரத்தில் நடந்த சத்தம் கேட்டு, வந்துட்டாரா என்று கேட்டதையும், இல்லை, அது வேறு யாரோ என்று தான் சொன்னதையும் சொன்னாள். "அப்போதான் கேட்டா அத்தான். அவர் எங்கே போனார், என்னை இப்படி விட்டுட்டு எங்கே போனார்னு. மூணு தடவை கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அதுக்கப்புறம் நர்ஸ் வந்து ஊசி போடப் போனாங்க, போதும்னுட்டா."

கண்ணாடிக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூலகத்துலதான் இருந்தேன்" என்றார். "கூரை வேலை பதினொரு மணிக்கே முடிஞ்சுபோச்சு. வந்திருக்கலாம், பாலத்தைத் தாண்டினா அரை மணி நேரம்தான். பயமா இருந்துச்சு. மூணு மணி வரைக்கும் அங்கேயே சும்மா உக்காந்திருந்தேன்."

மச்சினி மடிக்காத துண்டைக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு, "பொய் சொல்றான்னு சொன்னீங்களே அத்தான், அத்தனை பேர் முன்னாடி" என்றாள்.

"பொய் சொன்னது நான்."

அதைச் சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை, திடமான மனுஷன் என்று பேர் வாங்கியிருந்தார். இப்போது குனிந்து, தழும்பு விழுந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதார். மச்சினிக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் துணிகளைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை அங்கிருந்து எழுந்து போகவில்லை.