திருப்பிக் கொடுத்த தவிடு

நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நேராகப் பதில் சொல்ல வராது. வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தால் "அப்பனாட்டம் புத்தி" என்பார்கள். மோர்ச் சட்டியைக் கவிழ்த்தால் "தவுட்டுக்கு வாங்குனதுதானே!" என்பார்கள். எரிச்சல் வராதா?

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம். அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னை முறத்தில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டுக்கு மறுபடி வாங்கிக்கொண்டாளாம். இது எங்கள் ஊர் பூலாம்பாடி முழுக்கத் தெரியும். எதற்காக என்று மட்டும் அந்த வயதில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய்க்கு அத்தனை தட்டுப்பாடு. இருந்த ஒரு புட்டியையும் ஏழு வயதில் நான் தட்டிவிட்டேன். சித்தப்பா எகிறினார்.

"வித்தவ வூட்டுக்கே போய்த் தொலை!"

போனேன். பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னய வித்த தவுட்டத் திருப்பிக் குடுங்க பெரியம்மா. அம்மாகிட்ட குடுத்துட்டு இங்கயே வந்துடறேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பானையில இருக்கு, அள்ளிட்டுப் போடி" என்றார்.

பாவாடை மடி நிறைய அள்ளிவந்து அம்மா முன்னால் கொட்டினேன். "இந்தா உன் தவுடு. நான் எங்க வூட்டுக்குப் போறேன்."

முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. சிந்தியதையெல்லாம் வழித்து முறத்தில் அள்ளினாள். ஒரு கையில் முறம், ஒரு கையில் நானுமாக ஓடி, பெரியம்மாவின் மாட்டுத் தொட்டியில் தவிட்டைக் கொட்டினாள்.

"அக்கா, நான் திருப்பி வாங்கல! நீங்க வித்தது வித்ததுதான்!"

பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமாண்டி, வித்தது வித்ததுதான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்து, விலா வலிக்க இறுக்கிக்கொண்டாள். ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கத்தினாள். "இது நான் பெத்த புள்ள இல்ல! கேட்டுதா? நான் பெத்த புள்ள இல்ல!"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு வரைக்கும் அவள் தோளில் குத்திக்கொண்டே அழுதேன். மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோன எமன் காதில் விழட்டும் என்று அவள் சொன்ன பொய் அது. அதை அந்த ஊரிலேயே நம்பியவள் நான் ஒருத்திதான்.