அக்கா கேட்ட ஒரு மணிச் சாப்பாடு

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தம்பி கேட்க ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. "நீதான் அக்கா கூடவே இருந்த. நீ எழுதாம வேற யாரு எழுதறது?" என்றான். கூடவே இருந்ததுதான் சிரமமே. அக்காவோடு அலைந்த அலைச்சல் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுத உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. எப்படியோ எழுதிவிட்டேன். குறை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அக்கா கடம்பத்தூருக்குப் பக்கத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி. சிறு வயதில் அக்காவுக்குப் பொழுது சாய்ந்தால் கண் மங்கும். மாலைக்கண் என்று சொல்லி வீட்டில் ஈரலும் முருங்கைக்கீரையுமாகக் கொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு முடிவதற்குள் பகலிலும் பார்வை போய்விட்டது. அம்மா பெரியபாளையத்துக்கு அழைத்துப்போய் வேப்பஞ்சேலை கட்டவைத்து வேண்டிக்கொண்டார். அக்கா மறுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அம்மங்கிட்ட கேட்டாச்சும்மா. இப்ப பிரெயில் சொல்லித்தர எடத்துலயும் கேட்டுட்டு வா" என்றாராம். அம்மா அழுதுகொண்டே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கினார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தொலைபேசி இயக்குநராக வேலை கிடைத்தது. அதே பேட்டையில் இன்னொரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. இரண்டு பேரும் அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினோம். திருமணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் அக்கா சிரித்தே அனுப்பிவிட்டார். என்னுடையது நின்றுபோனதற்கு அக்கா காரணமில்லை. சொந்தத்தில் சிலர் அப்படிப் பேசிக்கொண்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்காவுக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை "பாவம்". "பாவம்னு செய்யறவங்க, செஞ்சதே பெருசுன்னு போயிடுவாங்க. நல்லா செஞ்சோமான்னு திரும்பிப் பார்க்க மாட்டாங்க" என்பார். பார்வையற்றோர் சங்கம் ஒன்றில் அவர் சேர்ந்ததும் இதற்காகத்தான். பார்வையற்றவர்களுக்கென்று நடக்கும் விடுதி, பயிற்சி நிலையம் போன்றவற்றை அந்தச் சங்கம் ஆள் அனுப்பிப் பார்க்கும். தரமாக இருந்தால் ஒப்புதல் கொடுக்கும். ஒப்புதல் இருந்தால்தான் அரசு உதவி ஒழுங்காக வரும். அக்கா பார்க்கப் போவார். எழுதுவதற்கும் வழித்துணைக்கும் நான் போவேன். எனக்கு வாரத்தில் ஒரே நாள்தான் லீவு என்பது யாருக்கும் நினைவிருக்காது.

மற்றவர்கள் போனால் அலுவலக அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவார்கள். அக்கா நேராகக் குளியலறைக்குப் போவார். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியும் மக்கும் தினமும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். படிக்கட்டில் கைப்பிடி கடைசிப் படிவரை வருகிறதா என்று தடவிக்கொண்டே இறங்குவார். குச்சி கொடுத்தோம் என்று பெருமையாகச் சொன்னால், "எல்லாருக்கும் ஒரே ஒசரம்தானா? அப்ப ஆளும் ஒரே ஒசரம்தான் சேப்பீங்களா?" என்று கேட்பார். அடுத்த முறை நாங்கள் போகும்போது அங்கே காபி வராது.

பெரியபாளையம் போகும் சாலையில் பார்வையற்ற பெண்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். நடத்துபவர் கமலாம்மா. கெட்டவர் இல்லை. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களின் வேண்டுதலை நம்பி அந்த இல்லத்தின் அடுப்பு எரிந்தது. "எங்க கொழந்த பேர்ல மத்தியானம் சாப்பாடு போடறோம்" என்று யாராவது போன் செய்தால் அன்றைக்குச் சமையல் கிடையாது. அவர்கள் கோயிலில் வரிசையில் நின்று, பொங்கல் வைத்து, மொட்டை போட்டு, போட்டோ எடுத்து முடித்து வந்தால்தான் இவர்களுக்குச் சாப்பாடு. வந்த பிறகும் பெண்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஆடி மாதம் வந்துவிட்டால் ஞாயிறுதோறும் இதே கதை.

அங்கே சாந்தி என்று ஒரு பெண். சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை, "வண்டி வந்துக்கினே இருக்குது" என்று யாரோ சொன்னதை நம்பி ஊசி போட்டுக்கொண்டாள். வண்டி வரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டதால் பிழைத்தாள்.

அந்த வாரம்தான் ஒப்புதலுக்காக இல்லத்தைப் பார்க்க எங்களை அழைத்திருந்தார்கள். இல்லம் பளிச்சென்று இருந்தது. குளியலறையில் தாழ்ப்பாள்கூடப் புதிது. சாந்தி நடந்ததைச் சொன்னதும் அக்கா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கமலாம்மா, நான் ஒப்புதல் குடுக்க முடியாது."

"இன்னாம்மா இப்படி சொல்ற? நீ கையெழுத்து போடலன்னா ஊட்டையே மூடிடுவாங்க. அப்பறம் இதுங்க எல்லாம் எங்க போகும்? உன் ஊட்ல வச்சி சோறு போடுவியா?"

கமலாம்மா சொன்னது பொய்யில்லை. வேலைக்குப் போகும் தூரத்தில் அந்தப் பெண்களுக்கு வேறு இடமே இல்லை. ஒப்புதல் கொடுத்தால் இன்னொரு சாந்தி விழுவாள். கொடுக்காவிட்டால் எல்லோருமே தெருவுக்கு வந்துவிடுவார்கள். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது இதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஏன் தீர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

காலையில் அக்கா முடிவைச் சொன்னார். ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. அவகாசம். யார் வந்தாலும் வராவிட்டாலும் இல்லத்தில் சமைத்து மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு போட வேண்டும். பிந்தி வரும் சாப்பாடு ராத்திரிக்கு. பாட்டு கிடையாது. இது நடக்கிறதா என்று மாதாமாதம் தானே போய்ப் பார்ப்பதாக அக்கா எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் முணுமுணுத்தார்கள். தானே என்றால் நானும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சாலையிலேயே கழிந்தன. பஸ் மாறி, மஞ்சள் சேலைக் கூட்டத்தில் நசுங்கிப் போவோம். நாங்கள் இருக்கும்போது ஒரு மணிக்குத் தட்டு வைப்பார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று நான் ஒருமுறை சொல்லப்போய், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பயணங்களில் அவர் சிரித்தது அபூர்வம்.

ஒருமுறை பிந்தி வந்த குடும்பத்து அம்மாள் அக்காவிடமே சண்டைக்கு வந்தார். "ஆசையா எடுத்துக்கினு வந்தா, சாப்ட்டாங்கன்றீங்களே. எங்க கையால பரிமாறணும்னு வேண்டுதல்மா."

"வேண்டுதல் உங்களுதுங்க. பசி இவங்களுது" என்றார் அக்கா. அந்த அம்மாள் பாத்திரங்களைத் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கமலாம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அக்கா, "நான் பண்றது சரியாடி? எனக்கே பேஜாரா இருக்குது" என்று கேட்டார். சரி என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. காலைப் பிடித்துவிட்டேன்.

சாந்தி அடிக்கடி போன் செய்வாள். "இன்னிக்கு ரெண்டு மணி ஆயிடுச்சிக்கா" என்பாள். அக்கா உடனே கமலாம்மாவை அழைப்பார். "நீங்களே கேக்கலாமே" என்று அக்கா சொன்னால், "நாங்க கேட்டா வெளிய போன்னுடுவாங்கக்கா. நீ கேட்டாதான் நடக்கும்" என்பாள். அக்காவை உள்ளுக்குள் தின்றது இந்தப் பதில்தான். "நான் இருக்கற வரைக்கும்தான்னா அது இன்னாடி தரம்?" என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்துவிட்டார். திருவள்ளூரில் தம்பி வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பேசாமல் வந்து கையைப் பிடித்து ஊசி போட்ட நர்ஸ் பெண்ணிடம், "தொடறதுக்கு முன்னாடி யாருன்னு சொல்லும்மா" என்றார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வாசலிலிருந்தே பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. மத்தியானமானால் மட்டும், "அங்க சாப்ட்டாங்களா?" என்பார். "சாப்ட்டாங்க" என்பேன். போன் செய்து கேட்டுவிட்டுச் சொன்ன நாளும் உண்டு, கேட்காமல் சொன்ன நாளும் உண்டு. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் ஊரில் நடந்தது. அக்கா பேரில் அந்த இல்லத்துக்குச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும் என்று எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், பிடிவாதமாகச் சொல்லி முன்கூட்டியே போன் செய்துவிட்டார். வடை பாயசத்தோடு வேனில் ஏற்றவும் ஏற்பாடு செய்தார். ஐயர் வரப் பிந்தியது. காக்கை வரப் பிந்தியது. பங்காளிகளுக்குத் தலைப்பாகை கட்டும் சடங்கு முடிய இன்னும் பிந்தியது. வேன் அந்தச் சாலையில் திரும்பியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. யார் பேரில் யாரைக் காக்கவைத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

கமலாம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் சொன்னேம்மா, அக்கா ஊட்டு சாப்பாடு வருது, இன்னிக்கு ஒரு நாள் பொறுங்கன்னு. கேக்கவே இல்ல. அவங்களே அடுப்பு பத்தவச்சி ரசம் வச்சிக்கினாங்க."

உள்ளே தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சாந்தி சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா சாப்பாடுன்னு தெரியும். அழுதுக்கினேதான் சாப்ட்டோம். ஆனா ஒரு மணிக்கு சாப்ட்டோம்" என்றாள். யாருக்கும் பயந்து சொன்ன குரலில்லை அது.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்தவங்க பேர்ல எடுத்தாந்த சோறு. ஒரு நாள் பொறுக்க முடியாதா? இன்னா திமிரு!" என்றார். நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்கா இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்றுதான் அழுதேன். வடையும் பாயசமும் ராத்திரிக்கு என்று அவர்களே உள்ளே எடுத்து வைத்தார்கள். அண்ணனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இதைப் படித்தாவது தீரட்டும்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அந்த நர்ஸ் பெண்ணுக்கும், ராத்திரியில் ஆட்டோ பிடித்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கம்பெனி நண்பர்களுக்கும், ஊரிலிருந்து வந்து நின்ற உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் கும்பிடு. முகம் சுளிக்காமல் எங்கள் இருவரையும் வீட்டில் வைத்துக்கொண்ட தம்பி மனைவிக்கு நான் என்ன சொன்னாலும் போதாது. எல்லோருக்கும் சொன்ன பிறகு, எங்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டு முடித்த அந்த இல்லத்துப் பெண்களுக்கு, அக்காவின் சார்பில் எங்கள் குடும்பத்தின் நன்றி.