தூணின் முழங்கால்

என் தங்கச்சி புருஷனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாயில் திட்டுத்தான் வருகிறது. அவனையும் திட்ட வேண்டும், அவன் காலை முதலில் பார்த்த டாக்டரையும் திட்ட வேண்டும். எங்கள் சூப்பர்வைசரைத் திட்டுவதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

வீடு மாறுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்கும் கம்பெனி எங்களுடையது. நான் வண்டி ஓட்டுகிறேன், மாப்பிள்ளை சாமான் தூக்குகிறான். அங்கே அவனுக்குப் பெயர் தூண். பீரோவைப் படியில் இறக்கும்போது மேலே ஒருவன், கீழே ஒருவன். கனமெல்லாம் கீழே நிற்பவன் மேல்தான். அந்தக் கீழ்ப்பக்கம் என்றைக்கும் தூணுக்குத்தான். படி திரும்புகிற இடத்தில் மேலே உள்ளவன் பிடியை மாற்றிக்கொள்ளும்வரை, காலை நீட்டி இறுக்கிக்கொண்டு மொத்தத்தையும் தாங்கி நிற்பான். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. வீட்டிலும் அப்படித்தான். சோறு போதுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுவான். "இவருக்கு நாக்க வாடகைக்குத்தான் எடுக்கணும்" என்பாள் தங்கச்சி.

அன்றைக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோ. மேலே இருந்தவனுக்குக் கை வியர்த்து வழுக்கிவிட்டது. பீரோ சரிந்து வந்து தூணின் முழங்காலை வெளிப்பக்கத்திலிருந்து இடித்தது. முட்டி உள்ளே வளைந்தது. உள்பக்கம் துணி கிழிகிற மாதிரி இருந்ததாம். அப்போதும் விட்டானா மடையன்? பீரோவைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

கம்பெனிக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தார், எலும்பு உடையவில்லை. காலை நீட்டச் சொல்லி வெளியிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார், அசையவில்லை. "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. தைலம் போடு, திங்கட்கிழமை வேலைக்குப் போ." அவ்வளவுதான் வைத்தியம். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இதைவிட நேரம் எடுத்துப் பல்லைப் பார்ப்பான்.

"தூணுக்கு நடிக்கவும் வருமா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டான். மாப்பிள்ளையும் அதை நம்பிவிட்டான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

"எலும்பு உடையலியே மச்சான். டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்யா கக்கூசுக்குப் போக சுவரப் புடிச்சிட்டுப் போறே?"

தங்கச்சிதான் செருப்பை மாட்டினாள். "அவரு பீரோவத் தாங்குவாரு, அவர நான் தாங்கணும். நீ வண்டிய எடுண்ணா."

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு அம்மா. முதலில் நல்ல காலைப் பிடித்தார்.

"அது இல்லம்மா, இந்தக் கால்" என்றான் தூண்.

"தெரியும். நல்ல கால் எவ்வளவு அசையுதுன்னு பாத்தாத்தானே அடிபட்டது எவ்வளவு அசையுதுன்னு சொல்ல முடியும்?"

பிறகு அடிபட்ட காலின் உள்பக்கத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் இவன் முகம் சுருங்கியது. காலை நீட்டிவைத்துத் தள்ளினார், அசையவில்லை. கொஞ்சம் மடக்கித் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

"காலைத் தளர விடுங்க."

"விட்டுட்டேன்மா."

"எங்க விட்டீங்க? தொடை கல்லாட்டம் இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாராவது காலைத் தள்ளினால் இறுக்கிக்கொள்வது இவனுக்குப் பிழைப்பு. கம்பெனி டாக்டர் தள்ளியபோதும் அதைத்தான் செய்திருக்கிறான். கிழிந்த முட்டியைத் தொடை தாங்கிப் பிடித்திருக்கிறது, அந்த மனுஷன் அதற்கு நற்சான்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

டாக்டரம்மா காலைக் கையில் ஏந்தியபடியே பேச்சை மாற்றினார். "எங்க வீட்டுப் படி ரொம்பக் குறுகல். பெரிய சோபாவ எப்படிங்க ஏத்துவீங்க?"

நாக்கில்லாத மனுஷனுக்கு நாக்கு முளைத்தது. "செங்குத்தா நிமித்தணும்மா. கால்கட்டையெல்லாம் கழட்டிட்டு, முதுகுப்பக்கம் சுவரோரமா..." இரண்டு கையாலும் சோபாவைத் திருப்பிக் காட்டினான். தொடை இளகியது. அவர் தள்ளினார். முட்டியின் உள்பக்கம் கதவு மாதிரித் திறந்தது.

"அம்மா" என்றான், அதுவும் மெதுவாகத்தான். தங்கச்சி திரும்பிக்கொண்டாள்.

"உள்பக்க ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. கால நீட்டி வச்சா மத்த ஜவ்வெல்லாம் சேர்ந்து தாங்கிக்கும், தெரியாது. கொஞ்சம் மடக்கினாத்தான் இது மாட்டும்" என்றார். ஆபரேஷன் வேண்டாமாம், தானாகக் கூடிவிடுமாம். முட்டிக்குப் பக்கவாட்டில் கீல் வைத்த பட்டை போட வேண்டும், நொண்டாமல் நடக்கும்வரை ஊன்றுகோல். படுத்தே கிடக்காமல் காலை மடக்கி நீட்டிப் பழக வேண்டும், தொடைக்குப் பயிற்சி.

"திங்கக்கிழமை வேலை இருக்குதும்மா" என்றான்.

"தூக்கினா மிச்சப் பாதியும் போயிரும். அப்புறம் சோபாவுல உக்காரத்தான் முடியும்."

திங்கட்கிழமை நானே அவனைக் கூட்டிக்கொண்டு கம்பெனி ஷெட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் பட்டையைப் பார்த்தான். "எங்க டாக்டர் ஒண்ணுமில்லன்னாரே. சும்மா கீழ நின்னு கை மட்டும் குடு."

"மாட்டேன் சார்" என்றான் தூண்.

"அப்ப வேற யாரு கீழ?"

எல்லாரும் அந்தக் கீல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் நகரவில்லை.

"நீங்களே நில்லுங்க சார். நல்ல உயரமாத்தானே இருக்கீங்க" என்றேன். பின்னால் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். கடைசியில் கீழே இரண்டு பேர், மேலே ஒருவன் என்று அனுப்ப வேண்டியதாயிற்று. படி இருக்கிற வீட்டுக்கெல்லாம் இப்போது அப்படித்தான் போகிறார்கள்.

தூண் நொண்டாமல் நடக்கிறான். கனம் தூக்க இன்னும் அனுமதி இல்லை. கீழே இரண்டு பேரை விட முடியும் என்றால் முன்னாலேயே விட்டிருக்கலாம்தானே? ஒருத்தன் கால் கிழிய வேண்டுமா அதற்கு? சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"வண்டிய எடு, நேரமாச்சு" என்றான்.