எந்த குல்வா அம்மா?

எங்கள் சுக்குமா ஜனங்களுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தால் பெயர் யோசிக்கிற வேலை மிச்சம். முதலில் வந்தது குல்வா, பின்னால் வந்தது டோட்டோ. ஆணோ பெண்ணோ அதுதான் பெயர். அடுத்துப் பிறப்பது ஷிஜா. பெற்றவளுக்கும் அன்றோடு பெயர் மாறிவிடும், குல்வா அம்மா. ஏரிக்கரை ஊரான ம்வான்சாவில் எங்கள் பாறை மேட்டில் மட்டும் மூன்று குல்வா அம்மாக்கள். கரிக்கடை குல்வா அம்மா, நர்ஸ் குல்வா அம்மா, அப்புறம் என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு அடைமொழி எதுவும் கிடையாது. வெறும் குல்வா அம்மா.

பதினோரு வருஷமாகப் பக்கத்து வீடு. அவள் புருஷன் மீன்படகில் போனால் பத்து நாள் கழித்து வருவான். வந்ததும் வாசலில் நின்று "குல்வா அம்மா, தண்ணி குடு" என்பான். மேட்டுக்குத் தண்ணீர் சுமப்பது, சமைப்பது, மூன்று பிள்ளைகளின் சட்டையை அலசுவது, அவ்வளவுதான் அவள் நாள். நான் ஒன்றும் பெரிய உத்தியோகம் பார்க்கவில்லை, என் நாளும் அதேதான். ஆனால் நான் சத்தம் போட்டுச் செய்வேன். அவள் வாயே திறக்கமாட்டாள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மகோயே என்று புதுத் தலைமை ஆசிரியர் மாற்றலாகி வந்தார். வந்த இரண்டாம் வாரமே ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: 'குல்வாவின் அம்மா வியாழக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரவும்.' அவரும் சுக்குமா ஆள்தான். எந்த குல்வா என்று எழுதவேண்டாமா? கேட்டால், அவர் ஊரில் ஒரே ஒரு குல்வாதானாம். சீட்டு ஐந்தாம் வகுப்பு குல்வாவின் கையில் விழுந்து, அவள் வழியாக என் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"டோட்டோ ஜன்னலை உடைச்சிருப்பான்" என்றாள் அவள்.

"இல்லம்மா! நான் ஒண்ணுமே ஒடைக்கல" என்றான் டோட்டோ.

"அப்ப இனிமே ஒடைக்கப் போறே. எதுக்கும் மன்னிப்பு கேட்டு வச்சிடறேன்."

என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்தாள். அறைக்குள் போனால் மேசையைச் சுற்றி ஆறு பேர். தலைமை ஆசிரியர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க குல்வா அம்மா. பள்ளிக் குழுவுல தாய்மார் சார்பா ஒங்களைப் போட்டிருக்கு. மொத விஷயம், புள்ளைங்க ஏன் மதியக் கஞ்சியைக் குடிக்க மாட்டேங்குதுங்க? ஒங்க அபிப்பிராயம் என்ன?"

அபிப்பிராயம்! அவளிடம் அதைக் கேட்டவர்கள் அதற்கு முன் யாருமில்லை. நான் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மன்னிப்பை எங்கே சேர்ப்பது என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "மொதல்ல கஞ்சியைப் பாக்கணும்" என்றாள்.

சமையல்காரர் லுகோலா, கொதிக்கிற அண்டாவில் சோள மாவை அப்படியே மூட்டையோடு கவிழ்ப்பவர். அவள் கரண்டியை விட்டுத் துழாவிக் கைமுட்டி அளவுக்கு ஒரு கட்டியை வெளியே எடுத்தாள். உடைத்தாள். உள்ளே வெள்ளை மாவு, காய்ந்தபடியே இருந்தது.

"ஒரு வீட்டுக்காரி இப்படிக் காய்ச்சினா அவளைப் பொறந்த வீட்டுக்கே அனுப்பிடுவாங்க" என்றாள்.

"நானூறு பேருக்குக் காய்ச்சிப் பாரு, அப்ப தெரியும்" என்றார் லுகோலா.

"நாளைக்கு வர்றேன்."

மறுநாள் போனாள். பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து, பிறகு கொதிநீரில் ஊற்றித் துழாவினாள். அவள் ஒரு அண்டா கரைப்பதற்குள் அடுத்த அண்டா அடிப்பிடித்தது. அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள், நான் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் போனாள். நான்காம் நாள் கட்டி இல்லை, தீய்ந்த வாசனையும் இல்லை. அப்புறம் வீடுவீடாக ஏறி, ஆளுக்கு ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலைப் பொடி கொடுங்கள் என்று கேட்டாள். என் வீட்டிலும் கேட்டாள். நான் அரைக் கிண்ணம் எடுத்து நீட்டினேன்.

"இது கிண்ணமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாய் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? முழுக் கிண்ணமாகக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. புதன்கிழமைதோறும் குழுவில் உட்கார்ந்தாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கேட்டு, அது வரும்வரை வாரா வாரம் அதையே கேட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

அப்புறம் தடுப்பூசி போட நர்ஸ் குல்வா அம்மா பள்ளிக்கு வந்தாள். "குழுவுல சேர வரமாட்டேன்னுட்டீங்களே" என்று பழைய குழுக்காரர் ஒருவர் அவளிடம் குறைப்பட, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று அவள் சொல்ல, குட்டு உடைந்தது. குழு அவளுக்குத்தான் சீட்டு எழுதச் சொன்னதாம், புதுசாக வந்த தலைமை ஆசிரியருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், அதில் தவறு திருத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது.

சேதி கேட்ட அன்று பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுத் தள்ளு. நர்ஸ் படிச்சவ" என்றேன்.

"ஆமா, படிச்சவ. அந்த எடம் போச்சுன்னா நான் திரும்ப இங்கயே உக்காரணும்" என்றாள்.

சனிக்கிழமை வகுப்பறை நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் என் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். துணியின் முனையை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சீட்டு எனக்கு இல்ல, அது இப்ப எனக்குத் தெரியும். நர்ஸ் அம்மா நல்லவங்க. ஆனா அந்த எடம் எனக்கு வேணும்."

குல்வாவுக்கு வேணும், டோட்டோவுக்கு வேணும், சின்னவனுக்கு வேணும் என்று பதினோரு வருஷம் கேட்டிருக்கிறேன். எனக்கு வேணும் என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஓட்டுதான்" என்றார் தலைமை ஆசிரியர். "குல்வா அம்மாவுக்குக் கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். கரிக்கடைக்காரி தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து நின்று நன்றி சொன்னாள். அவளை உட்காரவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"சொந்தப் பேரைச் சொல்லுங்க, போர்டுல எழுதறேன்."

நர்ஸ் மார்பில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். பார்த்தே எழுதிவிட்டார், பெலிஸ்தா மச்சிப்யா. அடுத்து இவள் பக்கம் திரும்பினார். இவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், எனக்கும் தெரியாது. பதினோரு வருஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. என் பெயரை யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள், இது அவள் கதை.

"ஞான்சோபே" என்றாள் கடைசியில். "ஞான்சோபே லுஹெண்டே."

எண்ணிப் பார்த்ததில் நர்ஸுக்கு இருபத்தொன்பது, இவளுக்கு நாற்பத்தொன்று. சமையல்காரர் லுகோலா கையைத் தூக்கியதைப் பார்த்தேன். அவருக்கு ஓட்டே கிடையாது. அவரைக் கழித்தாலும் நாற்பது.

வெளியே வந்ததும் குல்வா ஓடிவந்து அவள் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, போர்டுல ஞான்சோபேன்னு எழுதியிருக்கே, அது யாரு?"

"நான்தான்."

"நீயா? எப்போலேர்ந்து?"

அவள் நின்றாள். மகளின் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"ஒங்களுக்கெல்லாம் முன்னாலேர்ந்து" என்றாள்.