இருமல் வண்டி போன பிறகு

எங்கள் கம்பெனி பிளாஸ்டிக் வாளி செய்கிறது. வாளி, குவளை, குப்பைக்கூடை. பூமிக்கு நாங்கள் செய்த நன்மை அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, நிர்வாகத்துக்கு மனசாட்சி வந்தபோது அது கொஞ்சம் அவசரமாகவே வந்தது. முதலில் காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி, சுவருக்குச் சுவர் காகிதத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். அடுத்து, ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துபோகிற விளக்கைக் கழிப்பறையில் மாட்டினார்கள். உள்ளே போனவர்கள் கையை ஆட்டிக்கொண்டே உட்கார வேண்டியதாயிற்று. மூன்றாவதாக, எங்களை வீடு வீடாக ஏற்றி வந்த பழைய டீசல் வண்டியை எடுத்துவிட்டு மின்சார வண்டி வாங்கினார்கள். நான் சொல்ல வந்தது அதை ஓட்டுகிறவரைப் பற்றி.

நேரில் டிரைவர் அண்ணன் என்போம். முதுகுக்குப் பின்னால் ஊமையண்ணன். வாய் பேச வராதவர் இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான். வணக்கம் சொன்னால் புருவத்தை உயர்த்துவார். மழை வருது என்றால் வைப்பரைப் போடுவார். ஆரம்பத்தில் லாரி ஓட்டினாராம். அங்கே கிளீனர் பேசினான். அப்புறம் பள்ளிக்கூட வேன். அங்கே பிள்ளைகள் பேசினார்கள். அதன் பிறகு எங்கள் டீசல் வண்டி. அவருக்குப் பதிலாக யாராவது எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

டீசல் வண்டியின் சத்தம் லேசுப்பட்டதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே நெஞ்சுச்சளி பிடித்த மாதிரி இருமும். அந்த இருமலுக்கு மோல்டிங் பிரிவு அக்கா அடுப்பை அணைப்பார். கியர் மாற்றும் கிறீச்சுக்குக் கணக்கர் கதவைப் பூட்டுவார். வண்டி வாசலில் குலுங்கி நிற்கும்போது ஆள் செருப்போடு தயாராக இருக்கும். புறப்படும் நேரம் என்று அறிவிப்புப் பலகையில் ஏதோ எழுதியிருந்தது. அதை யாரும் மதித்ததில்லை, இருமலைத்தான் மதித்தோம். ஆகவே அண்ணன் யாரையும் வாய் திறந்து கூப்பிட்டதே கிடையாது. பல வருஷமாக ஏற்றி இறக்கிய ஆட்களின் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொண்டதில்லை.

மின்சார வண்டி அழகாக இருந்தது. பூனை மாதிரி வந்து நின்றது. அதன் முதுகில் ஒரு பச்சை ஸ்டிக்கர்: 'நான் புகை விடமாட்டேன், சத்தம் போடமாட்டேன், ஹார்ன் அடிக்கமாட்டேன்.' அதன் மறுபதிப்பு ஒன்று ஹார்ன் மீதே இருந்தது. ஒட்டியவர் புதிதாக வந்திருந்த சுற்றுச்சூழல் அதிகாரி மேடம். கையில் ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

வண்டி நிறுத்தும் ஷெட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. வாசலிலேயே நின்று முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்காருவேன். பழைய வண்டியில் பேசாத எங்கள் இருவருக்கும் நடுவே கியர் கம்பியாவது முனகிக்கொண்டிருக்கும். இதில் அதுவும் இல்லை. முதல் நாள் நடுரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவேயில்லை. அண்ணன் இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வண்டியைத்தான் ஒதுக்கி ஓட்டினோம்.

அக்கா வீட்டு வாசலில் நின்றோம். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கணக்கர் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே வாய் கொப்பளிக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்து காத்திருந்து, கம்பெனிக்குப் போனால் எல்லாருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. வாரம் முடிவதற்குள் ஆளாளுக்கு ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்கள். ஒரு வண்டிப் புகையை நிறுத்தப் போய் ஆறு வண்டிப் புகை கிளம்பியது.

அண்ணனின் சொந்த வீட்டிலும் இதே கதை. போகிற வழியில் வீட்டு வாசலில் நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொள்வது வழக்கம். முதல் நாள் டப்பாவும் வரவில்லை, மனைவியும் வரவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கட்டின மனைவியைக்கூடக் கூப்பிடமாட்டாராம். நான் போய்த் தட்டினேன்.

கதவைத் திறந்த அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ, நீங்கதானா அது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எது அண்ணி?"

"ஒண்ணுமில்ல தம்பி. உங்க எல்லாரையும் எனக்கு நல்லாத் தெரியும். சாயங்காலம் வந்தா மனுஷன் வாய் மூடுறதே இல்ல. ஒவ்வொருத்தரும் எப்படி ஓடிவந்து ஏறுறீங்கன்னு நடிச்சே காட்டுவாரு."

நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேடமே ஷெட்டுக்கு வந்துவிட்டார். "இவ்வளவு பெரிய வண்டியில இந்தத் தம்பி மட்டும் ஜம்முனு உக்காந்து வந்தா நான் மேலிடத்துல என்னன்னு சொல்றது? நாளைக்கு நானும் வரேன். சீட்டு நிறையலைன்னா வண்டி வேற கிளைக்குப் போயிடும். உங்களுக்கு குடோன்ல வேலை. வருத்தப்படாதீங்க, சம்பளம் குறையாது."

அண்ணன் புருவத்தை உயர்த்த முயன்றார். பாதியிலேயே நின்றுவிட்டது. குடோன் என்றால் கூரை வரை வாளி. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளி. அந்த இடத்தில் தெரு கிடையாது, வாசல் கிடையாது, ஓடிவந்து ஏற ஆள் கிடையாது. சாயங்காலம் அண்ணியிடம் எதை நடித்துக் காட்டுவார்?

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. பின்சீட்டில் மேடம். முற்றத்தில் அக்கா ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம்.

"கிளம்பிட்டாங்க போலிருக்கே. கூப்பிடமாட்டீங்களா?" என்றார் மேடம்.

அண்ணனின் கை ஹார்னுக்குப் போனது, ஸ்டிக்கரைப் பார்த்தது, திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். தொண்டை முதலில் இருமியது, அசல் டீசல் இருமல். பிறகு தெருவே அதிர்ந்தது:

"கடைசிவாயக்கா! வண்டி வந்தாச்சு!"

அக்கா திரும்பினார். கன்னம் உப்பியிருந்தது; வழக்கம்போல் கடைசிக் கவளத்தை மென்றுகொண்டுதான் இருந்தார். ஸ்கூட்டரை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று வந்து வண்டிக்குள் ஏறினார். "யாருய்யா கடைசிவாய்? இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு, திறந்ததும் இதுதானா? நான் தின்னுறத எண்ணிட்டா இருந்த?" அவர் சண்டையை முடிப்பதற்குள் கதவு மூடி, வண்டி அடுத்த தெருவில் இருந்தது.

"பூட்டாட்டி சார்!"

கணக்கர் அப்போதுதான் பூட்டை இழுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, நாலடி வந்து, சந்தேகம் வந்து, மறுபடி போய் இழுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். அவரும் சண்டைபோடவே ஏறினார். உள்ளே அக்காவைப் பார்த்ததும், "உங்களுக்கு என்ன பேரு?" என்றார். அக்கா சொன்னதும் அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பொருத்தமாத்தான் வெச்சிருக்காரு."

"நீங்க சிரிக்காதீங்க, பூட்டாட்டி."

பேக்கிங் பிரிவுக்காரர் 'பாதிப் பொத்தான்' என்ற கூப்பாட்டுக்குப் படியிறங்கி வந்தார், பாதி மாட்டிய சட்டையைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் வண்டிக்குள் சந்தைக்கடை. மேடம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்.

"அண்ணே, இது சத்தம் போடாத வண்டின்னு எழுதியிருக்கோம்."

"வண்டி எங்க மேடம் சத்தம் போட்டுது?" என்றார் அக்கா. திட்ட ஏறியவர் வக்கீலாகிவிட்டார். "ஹார்ன்லதான ஒட்டியிருக்கீங்க, தொண்டையில ஒட்டலையே."

மேடம் ஸ்டிக்கர் சுருளை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஏதாவது பேரு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

அண்ணன் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். "ஸ்டிக்கரம்மா" என்றார்.

முதலில் சிரித்தது மேடம்தான்.

அதற்கப்புறம் நடந்தது மேடத்தின் எந்தத் திட்டத்திலும் இல்லாதது. மறுநாள் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு முன்கூட்டியே வாசலில் நின்றார். கணக்கர் தெருமுனைக்கே வந்துவிட்டார். தெருவறிய அந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் ஆசையில்லை. ஸ்கூட்டர்களில் தூசி படிந்தது, வண்டி நிறைந்தது, குடோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமில்லாததால் அண்ணன் மறுபடி புருவத்துக்குத் திரும்பிவிட்டார். நாயை மட்டும் 'மேனேஜர்' என்று கூப்பிடுகிறார். அது உடனே எழுந்துவிடுகிறது.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. எல்லாருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, என் பெயர் மட்டும் அண்ணியின் சிரிப்போடு நின்றுபோனது. முதல் ஆளாக வாசலில் நிற்பவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? வாய்விட்டுக் கேட்கவும் எனக்கு வராது. ஆகவே ஒரு காலை, குளித்து, சட்டை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. வண்டி வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? காதைக் கதவில் வைத்தேன்.

ஒரு டீசல் இருமல் கேட்டது.

"டேய், சின்ன ஊமை! பெரிய ஊமை வந்திருக்கேன், வா!"