கண்ணாடிப் பெரணியைக் கண்டெடுத்த செல்லாயி அக்கா

செல்லாயி அக்கா போய்விட்டார். நேற்று மதியம், கீழே டவுனில், டத்தோ கிராமாட்டில், மகள் வீட்டில்... நெஞ்சுச்சளியாம்.

மலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். தோட்டத்து ஷெட்டில் பெரணிச் செடிகளைப் பார்த்துக்கொண்டவர். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மலை ரயில் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. தொட்டிகளுக்குப் பாசி எடுக்கப் போன அக்கா, ஓடைக்கு மேலே ஒரே ஒரு பாறையில் அந்தப் பெரணியைப் பார்த்தார். கண்ணாடித் தாள் மாதிரி இலை. பின்னால் விரலை வைத்தால் நகம் தெரியும்.

தோட்டத்துத் துரை மூச்சு வாங்க ஏறி வந்து, பாறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். இந்த மலையில் வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை என்றார். இலையாலேயே ஈரத்தைக் குடிக்கிற செடியாம்... மேகம் வந்து தங்குகிற நிழலில்தான் பிழைக்குமாம்.

அடுத்த மாதமே அந்தப் பக்கம் ஒரு பங்களாவுக்குப் பாதை போட ஆரம்பித்தோம். கோடரி என் கையில்.

"தம்பி, பாறைக்கு மேல நிக்கிற மரத்த மட்டும் விட்டுருலா. வெயில் பட்டா அது தாங்காது."

"கங்காணி சொல்றாரு அக்கா. நான் என்ன செய்யிறது?"

நான் வெட்டினேன்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிச் சுருண்டு, ஈரத் தலைமுடி மாதிரி பாறையில் ஒட்டிக் கிடந்தது. வேலை முடிந்ததும் அக்கா தினமும் கோணிச்சாக்கை நனைத்துக் கொண்டுபோய்ப் போர்த்தினார். இரண்டு மாதம். ஒன்றும் துளிர்க்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை...

பல வருஷம் கழித்து மலை ரயிலில் இரண்டு பேரும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. அக்கா திடீரென்று சொன்னார்.

"கங்காணி சொன்னா நீ என்னப்பா செய்வ? மனசுல வச்சுக்காதலா."

உண்மை அது இல்லை. கங்காணி இரண்டு மரத்தைக் காட்டி, ஏதாவது ஒன்றை வெட்டினால் போதும் என்றுதான் சொன்னார். மற்றது வைரம் பாய்ந்த மரம். பாறைக்கு மேலே நின்றது வெட்டச் சுலபம். அவ்வளவுதான் காரணம்.

சொல்ல வாயெடுத்தேன். ரயில் கீழே வந்து நின்றுவிட்டது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மலையில் நான் தேடாத பாறை இல்லை. மேகம் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் யாரோ சாக்கைப் பிழிகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன்... யாரும் இருக்கமாட்டார்கள்.

இன்று காலை போயிருந்தேன். மகள் வாசலிலேயே கேட்டாள். "அம்மா ரெண்டு தடவ உங்களக் கூப்பிடச் சொன்னாங்க மாமா. ஆள் அனுப்பினோமே, ஏன் வரல?"

"மழையா இருந்துச்சும்மா."

நாலு நாளாக மழையே இல்லை. அவளுக்கும் தெரியும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். நான் போவேன்.

போய் வாங்க, அக்கா...