ஒரு மாசம் ஓடினா போதும்

கார் ஏசி மெக்கானிக்கான அவரை அந்தத் தெருவில் எல்லாரும் 'சோப்புத்தண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் சோப்புத்தண்ணியைக் கரைத்துக் குழாய் மூட்டுகளில் பிரஷ்ஷால் தடவி, எங்கே கேஸ் கசிந்து நுரை கொப்பளிக்கிறது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் சோப்புப் போட்டுப் பேசத் தெரியாத மனுஷனுக்கு வாய்த்த பேரைப் பார் என்று பக்கத்து டயர் கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

முன்பு வேறொரு பட்டறையில் வேலை பார்த்தபோது, கசிவைத் தேட முதலாளி விடமாட்டார். கேஸை ஏற்று, வண்டியை அனுப்பு, அவ்வளவுதான். அடுத்த வெயிலுக்கு அதே வண்டிகள் அதே குறையோடு வந்து நிற்கும். "போன தடவையும் நீதானே சரியாயிடுச்சுன்னே?" என்று ஒரு பெண்மணி நாலு பேர் முன்னால் கேட்டது அவருக்கு முள்ளாய்த் தைத்துவிட்டது. சொந்தப் பட்டறை வைத்ததும் ஒரே பிடியாய் நின்றார். லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு கோடையில், வெயில் மண்டையைப் பிளந்த நாளில், வயதான தையல்காரர் ஒருவர் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏசியில் வெறும் சூடான காற்றுதான் வருகிறது, இன்றைக்கே கேஸ் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். மெக்கானிக் மீட்டரை மாட்டிப் பார்த்தார். உள்ளே கேஸ் இல்லவே இல்லை. காற்றை அடைத்துச் சோப்புத்தண்ணி தடவிப் பார்த்தும் வெளிக்குழாய்களில் நுரை வரவில்லை. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் ஓட்டையாகியிருக்க வேண்டும் என்று சொன்னார். டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், காயிலை வரவழைக்க வேண்டும், மூன்று நாளாகும்.

தையல்காரர் தயங்கினார். "வீட்டுல கொஞ்சம் முடியலை, தம்பி. ஒரு மாசம் ஓடினா போதும். இப்போதைக்குக் கேஸ் மட்டும் ஏத்திக் குடுங்களேன்."

அவசரம் என்று வருகிறவர்கள் எல்லாருமே வீட்டில் முடியவில்லை, கல்யாணம், பிரசவம் என்று ஏதாவது சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவர் காது மரத்துப் போயிருந்தது.

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தச் சொல்றீங்க, ஐயா. அந்த வேலையை நான் செய்யறதில்லை. மூணு நாள் பொறுத்துக்கங்க, அப்புறம் இந்தப் பக்கமே வர வேண்டியிருக்காது."

தையல்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து போனார்.

மறுநாள் டாஷ்போர்டு மொத்தமும் கழன்று வந்தது. வண்டிக்குள் ஒயர்கள் குடல் சரிந்தாற்போலத் தொங்கின. அவர் சொன்னது சரிதான். காயிலின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பெருமையாய்க் காட்டினார். ஆனால் மூன்றாம் நாள் வந்து சேர்ந்த காயில் வேறு மாடலுக்கு உரியது. திருப்பி அனுப்பிச் சரியானது கைக்கு வர இன்னும் நாலு நாள் பிடித்தது. இடையில் தையல்காரர் ஒரே ஒரு தடவை போன் செய்தார். வண்டி ஆயிடுச்சா தம்பி என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும் சரி என்று வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் காயிலை மாட்டி, வேக்கம் போட்டு உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அளந்து கேஸ் ஏற்றினார். ஜில்லென்று காற்று வந்தது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. பத்தாம் நாள்தான் தையல்காரர் வந்தார். சவரம் செய்யாத முகம். சட்டையின் மேல் பட்டன் இல்லை.

தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு, "வீட்டுல முடியலைன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"போயிட்டா, தம்பி."

பட்டறைக்குள் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் போய் அதை நிறுத்தினார்.

தையல்காரர் குரல் உயர்த்தாமல் சொன்னார். மனைவிக்கு நுரையீரல் நோய். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு மணி நேரப் பயணம். சூடும் புழுதியும் பட்டால் மூச்சு இழுத்துக்கொள்ளும். வாடகை வண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை பாதி வழியில், முடியலை, வீட்டுக்கே போயிடலாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியும் ஒரு மாசம்தான்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதான் அன்னிக்கு உங்ககிட்ட அப்படிக் கேட்டேன்."

மெக்கானிக் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்லியிருக்கலாமே, ஐயா" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னாரே, காதில் வாங்காதது தானல்லவா என்று அதை விழுங்கிக்கொண்டார். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தையல்காரரோ கூலியை எண்ணி மேசையில் வைத்தார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை. ஏசியைப் போடாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று மெக்கானிக்கின் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீடு திரும்பியது. என்ன ஏது என்று மனைவி துருவிக் கேட்டாள். சொன்னார்.

"வேலையில நீங்க தப்புப் பண்ணலைங்க," என்றாள். "வீட்டுல யாருக்கு, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதற்கப்புறம் வண்டி எதுவானாலும், மூடியைத் திறக்குமுன் இதில் யார் போகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். அவசரமென்றால் கேஸை ஏற்றிக் கொடுத்துவிட்டு, லீக்கைப் பிறகு பார்க்கலாம் என்பார். சோப்புத்தண்ணிக்குப் பிடிவாதம் தளர்ந்துவிட்டது என்றார் டயர் கடைக்காரர்.

மறு கோடையில் அந்தப் பழைய கார் திரும்ப வந்தது. ஓட்டி வந்தவர் வேறு ஆள். தையல்காரர் அதை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம். டயர் மாற்றப் பக்கத்துக் கடைக்கு வந்தவர், ஏசியையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். மெக்கானிக் மீட்டரை மாட்டினார். போன வருஷம் கேஸ் ஏற்றியபோது நின்ற இடத்திலேயே முள் நின்றது. ஒரு வருஷத்தில் கேஸ் இம்மியும் குறையவில்லை.

"நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.